தரைக்கு இறங்கும் மிதி

பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை முறைப்படி வெளியேற்றியாகிவிட்டது. புதிய பிரேக் ஆயில் ஊற்றி, நான்கு சக்கரங்களின் நிப்பிள்களையும் இறுக்கியாகிவிட்டது. ஆயினும் காலை வைத்து அழுத்தினால் மிதி மெல்ல மெல்லக் கீழிறங்கித் தரையைத் தொடுகிறது. பழைய கார்களைப் பேணும் அன்பர்கள் பலருக்கும் பழகிய துயரம் இது. உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று கருதி மறுபடியும் ஏர் எடுப்பார்கள். மிதி மறுபடியும் இறங்கும். இதன் காரணத்தைத் தேடிப் புறப்பட்டால் பட்டறையோடு நின்றுவிட முடிவதில்லை. 1795ஆம் ஆண்டின் இலண்டன் வரை செல்ல வேண்டியிருக்கிறது.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் எழுதிவைத்தார். அந்நூல் அவர் மறைந்த மறு ஆண்டு, 1663இல், அச்சேறியது. சிறிய பிஸ்டனை அழுத்திப் பெரிய பிஸ்டனில் பன்மடங்கு விசை பெறலாம் என்பது அன்றே தெரிந்த செய்திதான். எனினும் அதைக் கொண்டு உருப்படியான எந்திரம் ஒன்று எழ ஏறத்தாழ 130 ஆண்டுகள் பிடித்தன. குறை கோட்பாட்டில் இல்லை; ஒழுக்கில் இருந்தது என்பதே நம் கருத்து.

பூட்டுகள் செய்வதில் பெயர்பெற்ற ஜோசப் பிராமா, 1795இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிஸ்டனைச் சுற்றிய அடைப்பைத் தளர்வாக வைத்தால் நீர் பீறிட்டது. இறுக்கி வைத்தாலோ, அழுத்தம் நீங்கிய பின்னும் பிஸ்டன் பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தது. இந்த இரண்டுங்கெட்டான் நிலையைத் தீர்த்தது ஒரு தோல் வளையம். அதன் விளிம்பை வளைத்து, உட்குழிந்த பக்கம் நீரை நோக்குமாறு பொருத்தினார்கள். நீரின் அழுத்தமே விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் நீங்கியதும் விளிம்பு தளர்ந்துவிடும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுகும் அடைப்பு! சைக்கிள் பம்பைப் பிரித்து அதன் தோல் வாஷருக்கு எண்ணெய் தடவியவர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை.

இவ்வளையத்தை உருவாக்கியவர் பிராமாவிடம் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே என்பது, பின்னாளில் மாட்ஸ்லேயிடம் வேலை பழகிய ஜேம்ஸ் நாஸ்மித்தின் வழியாக நமக்கு வந்து சேர்ந்த செய்தி. மாட்ஸ்லேயின் கூலி அப்போது வாரம் 30 ஷில்லிங். கூட்டிக் கேட்டார்; கிடைக்கவில்லை. 1797இல் வெளியேறித் தனிப்பட்டறை தொடங்கினார். எந்திரத்துக்கு இன்றும் பிராமாவின் பெயரே வழங்குகிறது. அதற்கு உயிர் கொடுத்த தோல் வளையத்துக்கு ஒரு பெயரும் இல்லை.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். மால்கம் லாக்ஹீட் தம் தம்பி ஆலனுடன் சேர்ந்து 1916இல் விமானத் தொழிலைத் தொடங்கியவர். பிறகு அதை விட்டு விலகி, 1919இல் டெட்ராய்ட் நகரில் நீரழுத்த பிரேக் நிறுவனத்தை அமைத்தார். அதுவரை கார்களின் பிரேக் கம்பிகளாலும் கயிறுகளாலும் இழுக்கப்பட்டது. நான்கு சக்கரமும் ஒரே அளவில் பிடிப்பது அரிது. 1921 சூலையில் லெ மான்ஸில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி, நான்கு சக்கரங்களிலும் நீரழுத்த பிரேக் கொண்ட டூசன்பர்க் காரில் வென்றார். அதே ஆண்டு அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த பயணக் கார்களிலும் இம்முறை வந்தது.

நடுத்தர வர்க்கத்தினர் வாங்கக்கூடிய காருக்கு இதைக் கொண்டுவந்தது 1924இன் கிரைஸ்லர். அங்கும் பழைய வினைதான் குறுக்கே நின்றது: லாக்ஹீடின் தோல் கிண்ணங்கள் ஒழுகின. கிரைஸ்லரின் பொறியாளர்கள் அவற்றுக்கு மாற்றாக ரப்பர் கிண்ணங்களை வைத்தனர். வடிவமும் தத்துவமும் மாட்ஸ்லே காலத்தவையே. பொருள் மட்டும் மாறியது. ரப்பருக்கு மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில் முதலிய கனிம எண்ணெய்கள் ஆகா, ஊறி உப்பிவிடும். ஆகவே அக்காலத்து பிரேக் ஆயிலுக்கு ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து பயன்படுத்தினர். (நம் பாட்டிமார் விளக்கெண்ணெய்க்கு இப்படியும் ஒரு வாழ்வு இருந்தது!) ஹென்றி ஃபோர்டு மட்டும் மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புக் கம்பியையே நம்பி, 1939ஆம் ஆண்டு மாடல் வரை பிடிவாதம் காத்தார்.

இப்போது மிதிக்குத் திரும்பலாம். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனின் முன்னால் அந்த ரப்பர் கிண்ணம் இருக்கிறது. அழுத்தும்போது அதன் விளிம்பு விரிந்து சுவரை அடைத்து, ஆயிலை முன்னே தள்ளுகிறது. விளிம்பு கிழிந்திருந்தால் ஆயில் அதன் ஓரமாகப் பின்பக்கம் நழுவி, மேலேயுள்ள கலத்துக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டும் சிந்தாது; கலத்தின் மட்டமும் குறையாது. மிதி மட்டும் இறங்கும்.

காற்று எடுப்பதற்கு முன் நன்றாக இருந்ததே என்பது நியாயமான கேள்வி. அன்றாட ஓட்டத்தில் மிதி பாதித்தூரம்கூடப் போவதில்லை. கிண்ணம் தேய்த்துத் தேய்த்து அந்தப் பகுதி மட்டும் பளபளப்பாக இருக்கும். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கிண்ணம் எட்டாத கோடியில் துருவும் கசடும் ஆண்டுக்கணக்கில் படியும். ஏர் எடுக்கும் நாளில் மிதியைத் தரைவரை மிதிக்கிறோம். அதுவரை போகாத இடத்துக்குப் போன பழைய ரப்பர் விளிம்பு அங்கே கீறுபடுகிறது. காற்றென்று எண்ணி மேலும் மேலும் மிதிப்பது, கீறலைக் கிழிசலாக்கும் வேலை. மிதியின் கீழ் ஒரு மரக்கட்டையை வைத்து அதன் ஓட்டத்தைக் குறுக்கிக்கொண்டு ஏர் எடுக்கும் பழைய மெக்கானிக்குகளை நாம் மெச்சுவது இதனால்தான்.

ஆகவே முதலில் வேறுபாட்டை அறிய வேண்டும். மிதி பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்ததும் கெட்டிப்பட்டு அங்கேயே நின்றால் காற்று. தாழ்வாகப் போனாலும் ஓரிடத்தில் நின்றுவிட்டால் பின் டிரம் பிரேக்கின் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம். ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்க, நில்லாமல் இறங்கினால் அது ஒழுக்கு. நிப்பிள், குழாய் இணைப்பு, டயரின் உட்பக்கம் எல்லாம் உலர்ந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரையே ஐயுற வேண்டும். அதன் வெளிவழிகளைப் பொருத்தமான அடைப்பான்களால் மூடி, உள்ளே காற்றில்லாமல் செய்து மிதித்துப் பார்க்கலாம். கல்போல் நின்றால் சிலிண்டர் குற்றமற்றது. அப்போதும் இறங்கினால் வேறு சாட்சி தேவையில்லை. இது தெரியும்வரை வண்டியைத் தெருவில் இறக்கலாகாது.

1962இல் கெடிலாக் கார்களும் அமெரிக்கன் மோட்டார்ஸ் கார்களும் ஒரே சிலிண்டருக்குள் இரு தனி அறைகளைக் கொண்டுவந்தன. ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று பிடிக்கும். அதே 1962இல்தான் டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவை நிறுவியது. ஒற்றை அறைச் சிலிண்டர் கொண்ட பழைய வண்டியில் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

புதிய சிலிண்டர் வாங்கினால், பொருத்துவதற்கு முன்பே வைஸில் பிடித்து அதற்குள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட வேண்டும். தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது இடைவெளி விட வேண்டும். அது இல்லாவிடில் கிண்ணம் முழுமையாகப் பின்வாங்காமல், கலத்திலிருந்து வரும் சிறு துளையை மறைத்துக்கொண்டு நிற்கும். ஓடஓட ஆயில் சூடேறி விரிந்து பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.