எலிசாவின் வாரிசுகள்

அலுவலகச் செய்தித் தளமொன்றில் 'சம்பளம் எப்போது?' என்று கேட்டவுடன் விடையளிக்கும் சட்பொட் நேற்று முளைத்ததன்று. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசாவே அதன் மூதாதை. எலிசா, நாம் எழுதும் வாக்கியத்தில் ஒரு குறிச்சொல்லைத் தேடும். அகப்பட்டால் அதற்கென எழுதிவைத்த வாக்கியத்தை நீட்டும். இல்லையேல் 'மேலே சொல்லுங்கள்' என்று சமாளிக்கும். புரிதல் கிஞ்சித்தும் இல்லை. ஆயினும் அதனோடு தனித்துப் பேசவேண்டுமென்று அவருடைய செயலாளரே அவரை அறையைவிட்டுப் போகச் சொன்னாராம்!

2014இல் ஸ்லாக் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பின்னர் இத்தகைய பொறிகள் அலுவலகங்களில் பரவின. சென்னை ஸோஹோவின் கிளிக் தளத்திலும் சிறு நிரலெழுதி ஒன்றை அமைக்கலாம். தமிழில்தான் இடர். 'சம்பளம்' என்பதைக் குறிச்சொல்லாக வைத்தால் 'சம்பளத்தை' தப்பிவிடும். ஈற்று மகரம் கெடுகிறதல்லவா? 'சம்பள' என்று நறுக்கிக் கொடுக்கவேண்டும்.

சிங்களமும் தமிழும் புழங்கும் எங்கள் குண்டசாலைப் பக்கத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். சிங்களத்தில் சம்பளம் 'படி'. நமக்கோ அது பயணப்படி, மாடிப்படி, புத்தகத்தைப் படி. இருமொழியாரும் உரோம எழுத்தில் தட்டினால் பொறி என் செய்யும்? அவ்விடத்தில் ஊகிக்காது கேள்வியைக் கணக்கரிடம் அனுப்பும்படி நிரலில் எழுதிவிட வேண்டும்.