கடல் காணாத பாரமகாலும் ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியும்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் பாஸ்டனும் ஜார்ஜ் வாஷிங்டனும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தப் போரோடு சேர்ந்த கடைசிப் பெரிய கடற்சண்டை நம்முடைய கடலூருக்கு எதிரே, 1783 ஜூன் 20 அன்று நடந்தது. அமெரிக்கருக்குத் துணையாக 1778இல் பிரான்ஸ் போரில் இறங்கியதால், சண்டை இந்தக் கரை வரைக்கும் வந்துவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு சுஃப்ரேன் என்பது முதலில் ஒரு வீதியின் பெயர். பிறகுதான் அவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி என்று தெரிந்தது. ஆனால் அவருடைய பெருமையை உலகமெங்கும் படிக்கச் செய்தவர் பிரெஞ்சுக்காரர் அல்ல. ஆல்ஃபிரட் தேயர் மாஹன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி.

மாஹன் 1840இல் வெஸ்ட் பாயிண்டில் பிறந்தார். தந்தை அங்கிருந்த ராணுவக் கல்லூரியில் பேராசிரியர். மகன் கடற்படைக் கல்லூரியில் படித்து 1859இல் தேறினார். உள்நாட்டுப் போரிலும் பணியாற்றினார். ஆனால் கப்பல் ஓட்டுவதில் பேர் வாங்கியவர் அல்ல. கடற்பணியில் பெரிய விருப்பமும் இல்லை. பெரு நாட்டின் கரையோரம் பணியில் இருந்தபோது, லிமா நகரத்து நூலகம் ஒன்றில் ரோமாபுரி வரலாற்றைப் படித்தார். ஹானிபால் கடல் வழியாக வந்திருக்க முடிந்தால் கதை எப்படி மாறியிருக்கும் என்ற கேள்வி அங்கேதான் அவருக்குள் எழுந்தது.

அதன்பின் நியூபோர்ட் கடற்படைப் போர்க் கல்லூரியில் பாடம் நடத்தினார். அந்தப் பாடங்களே 1890இல் புத்தகமாயின. 1660 முதல் 1783 வரை கடல் ஆதிக்கம் வரலாற்றை எப்படி நடத்தியது என்பதே பொருள். ஜெர்மானியப் பேரரசர் ஆர்வத்தோடு படித்தார், ஜப்பானிலும் படித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பட்டம் தந்தன. அவருடைய மேலதிகாரி மட்டும், புத்தகம் எழுதுவது கடற்படை அதிகாரியின் வேலையல்ல என்று குறிப்பெழுதி அவரைக் கப்பலுக்கு அனுப்பினார். கோப்புகளோடு காலம் தள்ளிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் குறிப்பின் தொனி புரியும். மாஹன் 1896இல் ஓய்வு பெற்று, 1914இல் காலமானார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் நம் கடலைப் பற்றியது. சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் எல்லாம் அதில் வருகின்றன. 1782, 1783 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். ஹியூஸுக்குப் பழுது பார்க்க பம்பாய் இருந்தது. சுஃப்ரேனுக்கு இந்தக் கரையில் ஒரு துறைமுகமும் இல்லை. பாய்மரம் முறிந்தால் சிறு கப்பலிலிருந்து கழற்றி மாட்டினார்; கட்டடங்களைப் பிரித்து மரம் எடுத்தார். அதனால்தான் 1782 ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலையைப் பிடித்தார். துறைமுகம் இல்லாத கடற்படை நிலைக்காது என்ற மாஹனின் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கடைசிச் சண்டையில் 15 கப்பல்களோடு ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்தார் சுஃப்ரேன். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். ஒன்பது நாளில் செய்தி வந்தது: ஐரோப்பாவில் ஜனவரி 20ஆம் தேதியே சமாதான முன் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது! செய்தி கப்பலேறி வருவதற்கு ஐந்து மாதம். அதற்குள் கடலூரில் எத்தனை உயிர் வீணாகப் போயிற்று.

இதற்கும் அதியமான்கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அன்று நம் பாரமகால் ஐதர் அலியின் சீமை. 1782 ஜூலையில் கடலூர் அருகே சுஃப்ரேனை நேரில் வரவேற்றவர் அதே ஐதர். தரையில் அவருக்குப் படை இருந்தது. கிழக்குக் கடலில் கப்பல் இல்லை. அந்தக் குறையை நிரப்ப பிரெஞ்சுக்காரர் தேவைப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஐதர் இறந்தார். மறு ஆண்டு பிரெஞ்சுக்காரர் சமாதானம் என்று விலகிக்கொள்ள, திப்பு தனியாக நின்றார். அடுத்த போரிலும் அவருக்குக் கடல் வழியே துணை வரவில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கைப்படி பாரமகால் கம்பெனியின் கைக்குப் போனது. ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் வரி வசூலிக்க வந்து சேர்ந்தார்கள்.

மாஹன் பாரமகாலைப் பற்றி எழுதவில்லை. அவருடைய கண் கப்பல்கள் மேல் இருந்தது. ஆனால் அவர் சொன்னதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால், கடலையே பார்த்திராத உழவன் யாருக்கு வரி கட்ட வேண்டும் என்பதில் அந்தக் கடலுக்கும் பங்கு இருந்தது என்பது விளங்குகிறது.