ரயில் வராத ஊரிலும் வசூல்!

உங்களிடம் ஒரு காலி மனை இருக்கிறது. அதில் நீங்கள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. 'பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷன் வரப்போகிறது' என்று பேப்பரில் செய்தி வருகிறது. அவ்வளவுதான்... மனையின் விலை எகிறிவிடுகிறது! அந்தக் கூடுதல் பணம் யாருக்குச் சேர வேண்டும்? உங்களுக்கா, ரயில் விடுகிறவர்களுக்கா?

பிரிட்டனில் இந்தக் கேள்வி பல அரசாங்கங்களைப் படாதபாடு படுத்தியிருக்கிறது. 1947-ல் லேபர் கட்சி, 'கட்டட அனுமதியால் நிலத்துக்கு ஏறும் மதிப்பு நூற்றுக்கு நூறும் அரசாங்கத்துக்கே!' என்று சட்டம் போட்டது. 'லாபமே இல்லாமல் எதற்கு விற்க வேண்டும்?' என்று நிலம் வைத்திருந்தவர்கள் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் கட்சி அதைத் தூக்கிப் போட்டது. 1967-ல் லேபர் மறுபடி 40 சதவிகிதம் என்று ஆரம்பிக்க, 1971-க்குள் அதற்கும் மூடுவிழா! 1976-ல் மூன்றாவதாக ஒரு வரி வந்தது. 1985-ல் மார்கரெட் தாட்சர் அரசு அதையும் ஒழித்தது.

வேறொரு வழியும் இருந்தது. 1990-ம் வருடச் சட்டத்தின் 106-வது பிரிவுப்படி, அந்தந்த ஊர் கவுன்சிலும் பில்டரும் உட்கார்ந்து பேசி, 'இத்தனை வீடு கட்டிக்கொள், பதிலுக்கு இந்தச் சாலையைப் போட்டுக்கொடு' என்று ஒப்பந்தம் போடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஒவ்வொன்றும் தனித்தனி பேரம். பெரிய பில்டர் மாட்டுவார், சின்னவர் நழுவிவிடுவார். இன்னொரு சிக்கல்... பூங்கா ஓர் ஊருக்குள் அடங்கும். ரயில் அடங்குமா?

லண்டனுக்கு இந்தச் சோதனை 'கிராஸ்ரெயில்' வடிவத்தில் வந்தது. நகரின் மேற்கையும் கிழக்கையும் பூமிக்கு அடியில் இணைக்கும் பிரமாண்டமான ரயில் திட்டம். லண்டனிலோ 32 பரோ கவுன்சில்கள், தனியாக 'சிட்டி'க்கு ஒன்று, ஆக மொத்தம் 33 உள்ளாட்சிகள்! ஆளுக்கொரு பக்கம் பேரம் பேசினால் கதை நடக்குமா?

2008-ல் லேபர் அரசு கொண்டுவந்த புதிய சட்டம் கைகொடுத்தது. பேரமே கிடையாது, புதிதாகக் கட்டும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம். அதைப் பயன்படுத்தி 2012, ஏப்ரல் 1 முதல் லண்டன் முழுக்க வசூலை ஆரம்பித்தவர், அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன். ஆமாம்... கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்! இலக்கு, 30 கோடி பவுண்ட்.

வசூலிக்க வேண்டியது 33 உள்ளாட்சிகளும். செலவுக்காக அதிகபட்சம் 4 சதவிகிதத்தை வைத்துக்கொண்டு, மீதியை அனுப்பிவிட வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. கட்டணம் 50, 35, 20 பவுண்ட் என மூன்று வகை. ரயில் வரும் இடத்தில் அதிகம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! வீட்டு விலை அதிகமுள்ள இடத்தில்தான் அதிகம். ஸ்ட்ராட்ஃபோர்டு உட்பட ஐந்து ஸ்டேஷன்கள் அமைந்த நியூஹாம் பகுதிக்கு 20 பவுண்ட். ஒரு ஸ்டேஷன்கூட இல்லாத ரிச்மண்ட் பகுதிக்கு 50!

ரிச்மண்ட்காரருக்கு வயிறு எரியாதா? அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. பில்டரின் பாக்கெட் ஒன்றுதான். அதிலிருந்து ரயிலுக்கு ஐம்பது போனால், உள்ளூர் ஸ்கூலுக்கும் ஏழைகளுக்கான வீடுகளுக்கும் கேட்கக்கூடிய பணம் அந்த அளவு குறையும். அதனால்தான் குறைந்த வாடகை வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்றவற்றுக்கு இந்தக் கட்டணம் கிடையாது என்று வைத்தார்கள். மற்றபடி, 'ரயில் மொத்த நகரத்துக்கும் பலன் தரும், தாங்க முடிந்தவர் கூடுதலாகத் தரட்டும்' என்பதுதான் கணக்கு.

கணக்கு பலித்தது, வசூல் வந்தது. ரயில்தான் வரவில்லை! 2018 டிசம்பரில் ஓடியிருக்க வேண்டியது, 'எலிசபெத் லைன்' என்ற பெயரில் 2022, மே 24 அன்றுதான் ஓடத் தொடங்கியது. செலவும் எங்கோ போய்விட்டது. கடனை அடைக்க, 2019 ஏப்ரலில் கட்டணத்தை 80, 60, 25 பவுண்டாக உயர்த்தினார்கள். அப்போது மேயராக இருந்தவர் லேபர் கட்சியின் சாதிக் கான்.

1947-ல் முழுசாகக் கேட்டார்கள், ஆறேழு வருடம்கூடத் தாங்கவில்லை. இந்த முறை கேட்டது கொஞ்சம்தான். ஆனால், எல்லோரிடமும் ஒரே சமயத்தில் கேட்டார்கள். முன்பு மூன்று முறை ஒழித்துக்கட்டிய கட்சியே இந்த முறை கையில் உண்டியலுடன் நின்றது!