காதுமேடு எனப்படும் மூக்குமேடு

கியோட்டோவில் ஒருநாள் நடக்கக் கிடைத்தால் எல்லாரும் போகிற பாதை ஒன்று இருக்கு: சிவப்புத் தோரணவாசல்கள், கியோமிசு விகாரையின் மர மேடை, பிறகு தேநீர்க் கடைகள். அதில் பிழையில்லை. 794 இல் தலைநகராகி, ஆயிரம் வருசத்துக்கு மேல் பேரரசர்கள் இருந்த நகரம். ஆனால் இந்த நகரம் எதை நினைவில் வைத்திருக்குது, எப்பிடி வைத்திருக்குது எண்டு பார்க்க விரும்பினால், கமோ ஆற்றுக்குக் கிழக்கே ஒரு சின்ன வட்டாரமே ஒரு நாளுக்குப் போதும்.

சஞ்சூசங்கென்தோவில் தொடங்கலாம். சுமார் 120 மீற்றர் நீளமான மர மண்டபம். 1249 இல் எரிந்து 1266 இல் திரும்பக் கட்டப்பட்டது. உள்ளே கருணையின் போதிசத்துவரான கன்னொனின் 1001 சிலைகள் வரிசையாக நிற்கின்றன. வெளியே வந்து வடக்கே நடந்தால், ஆளுயரத்துக்கும் மேலான பாறைகளை அடுக்கிய பழைய மதில் வரும். தொயொதொமி ஹிதெயோஷி கட்டிய ஹோகோ விகாரையின் மிச்சம் அது.

பிரபுக்களை அடக்கி யப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தவன் ஹிதெயோஷி. 1588 இல் குடியானவர்களிடமிருந்த வாள்களையெல்லாம் பறிக்க ஆணையிட்டான். அந்த இரும்பு இங்கே எழும்பும் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியாகப் போகும், கொடுத்தவருக்கு மறுமையிலும் நன்மை கிடைக்கும் எண்டு அந்த ஆணை சொன்னது. சனங்களின் கையை வெறுங்கையாக்கினதுக்குப் புண்ணியம் எண்டு பேர். 1596 இல் நிலநடுக்கம் வந்து அந்தப் புத்தரையும் உடைத்தது.

கோயில் வாசலுக்கு நேரெதிரே, வீடுகளுக்கு நடுவில், புல் முளைத்த மண்மேடு ஒன்று. உச்சியில் ஐந்து அடுக்குக் கல்தூபி. பெயர் மிமிசுகா, காதுமேடு. உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூக்குகள். 1592 இலும் 1597 இலும் ஹிதெயோஷியின் படைகள் கொரியாமீது பாய்ந்தன. கொன்றதற்குச் சாட்சியாகத் தலை கொண்டுவருவதுதான் வழக்கம். கடல்கடந்து தலைகளைக் கொண்டுவருவது பாரமெண்டு மூக்கை அறுத்து, உப்பிட்டு அனுப்பினார்கள். எண்ணிக்கை பார்த்துத் தளபதிகளுக்கு ரசீதும் எழுதிக்கொடுத்தார்கள். அந்த ரசீதுகளில் சில இன்றும் இருக்கின்றன. மூக்கை இழந்தவர்களில் போராளிகள் மட்டுமில்லை, ஊர்ச்சனங்களும் உண்டு.

1597 இல் மூக்குகளைப் புதைத்து, பிக்குகளை அழைத்து ஆத்மசாந்திச் சடங்கும் செய்வித்தான் ஹிதெயோஷி. அப்போது போர் முடியவே இல்லை. ஒருபக்கம் மூக்குகள் வந்துகொண்டிருக்க, மறுபக்கம் கருணை காட்டப்பட்டது. முதலில் மூக்குமேடு என்றுதான் பெயர். பிறகு அது காதுமேடாயிற்று.

திரும்ப வாசலுக்குள் போனால் 1614 இல் வார்த்த பெரிய மணி தொங்குது. நாட்டின் அமைதியை வேண்டி அதில் பொறித்த நான்கு எழுத்துகள் இப்போது வெள்ளையாகக் காட்டப்பட்டிருக்கு. அந்த எழுத்துகள் தன் பெயரை இரண்டாக வெட்டுகின்றன எண்டு தொக்குகாவா இயெயாசு குற்றஞ்சாட்டினார். அதைச் சாட்டாக வைத்துத் தொடங்கிய போர், 1615 இல் ஒசாக்காக் கோட்டை விழ, ஹிதெயோஷியின் வம்சத்தோடு முடிந்தது. தெய்வமாக்கப்பட்டிருந்த ஹிதெயோஷியின் ஆலயத்தைத் தொக்குகாவா அரசு மூடிவிட்டது. மெய்ஜி அரசுதான் அதை மீட்டது. மணிக்குப் பக்கத்தில் இப்போது நிற்கிற கட்டடம் 1880 ஆம் ஆண்டினது. முப்பது வருசம் கழித்து, 1910 இல், யப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கடல்கடந்து போன வீரன் என்று அந்தக் காலம் ஹிதெயோஷியைக் கொண்டாடியது.

கால் இன்னும் தாங்குமெண்டால் கிழக்கே மலையேறலாம். சுமார் ஐந்நூறு படிகள். உச்சியில் ஹிதெயோஷியின் கல்லறை. 1898 இல், அவன் செத்து முந்நூறு வருசமானபோது, புதுப்பித்தார்கள். அதன்மேலும் ஐந்து அடுக்குக் கல்தூபிதான், பெரிசாக.

கொன்றவனுக்கும் கொல்லப்பட்டவர்களுக்கும் ஒரே வடிவக் கல். பார்க்கச் சமத்துவம் மாதிரி இருக்கும். ஆனால் மேலே ஒரு பெயர் இருக்கு. கீழே ஒரு பெயரும் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். அதையும் எழுதிவைத்தவர்கள் அறுத்தவர்களே. கொரியாவிலிருந்து இன்றும் ஆட்கள் வந்து மேட்டின் முன்னால் தலைகுனிந்துவிட்டுப் போகிறார்கள். நினைவுச்சின்னம் ஒன்றைக் கண்டால் யாருக்காக எண்டு மட்டும் கேட்டால் போதாது. யார் கட்டினது, எப்போது கட்டினது, என்ன பெயர் வைத்தது எண்டும் கேட்கவேணும்.