உச்ச விசை எதை அளக்கிறது? இழை–பிசின் பிரிவு மாதிரிகளின் ஓர் உள்ளீடு குறித்து

இழை பிசினிலிருந்து பிரிவதைக் கணிக்கும் மாதிரிகளுக்கு, இடைமுகச் சறுக்கு வலிமை என்று ஒற்றை எண்ணை ஊட்டுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது நுண்துளிச் சோதனையிலிருந்து வருகிறது. இழைமீது இறுகிய எப்பாக்சித் துளியைக் கத்தி முனைகளால் தடுத்து இழையை இழுக்கிறார்கள். உச்ச விசையை ஒட்டிய பரப்பால் வகுக்கிறார்கள். அப்படிக் கிடைப்பது இடைமுகத்தின் பண்பு அன்று என்பதே இங்கு என் வாதம்.

பதிந்த நீளம் முழுவதும் சறுக்குத் தகைவு ஒரே அளவில் இருந்தால்தான் இந்த வகுத்தலுக்குப் பொருள் உண்டு. 1965-இல் கெல்லியும் டைசனும் இக்கருதுகோளைக் கையாண்டது செம்பில் பதிந்த டங்ஸ்டன், மாலிப்டினம் கம்பிகளுக்கு. தகைவு மிகும் இடத்தில் செம்பு குழைந்து, சுமையை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். எப்பாக்சிக்கு அந்தத் தாராளம் குறைவு. 1952-இல் காக்ஸ் தந்த மீள்நிலைத் தீர்விலேயே தகைவு முனையில் குவிந்து உள்ளே தேய்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு: 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி இழை, 100 மைக்ரோமீட்டர் பதிவு, உச்ச விசை 0.2 நியூட்டன் என்றால் வலிமை சுமார் 42 மெகாபாஸ்கல். பதிவு இரட்டிப்பாகி விசை 0.3 நியூட்டனுக்கே உயர்ந்தால் சுமார் 32. இடைமுகம் ஒன்றே, வலிமை மட்டும் இரண்டு. ஒரே இழையும் பிசினும் பல ஆய்வகங்களுக்குப் பகிரப்பட்டு 1993-இல் வெளியான கூட்டுச் சோதனையில், ஓர் ஆய்வகத்துக்குள் சிதறல் ஏற்கத்தக்க அளவில் இருந்தது; ஆய்வகங்களுக்கிடையே பெரிதாகியது. கைத்திறனை மட்டும் குறைகூறி இதைக் கடந்துவிட முடியாது.

விசை–இடப்பெயர்ச்சி வரைகோட்டையே பார்ப்போம். நேராக ஏறும் கோடு ஓரிடத்தில் சற்றே மடிகிறது. பிறகு சாய்வு குறைந்து உச்சம்வரை ஏறி, சட்டென்று விழுந்து, ஒரு வாலாக நீள்கிறது. வால் முழுக்க உராய்வு. மடிப்பைத்தான் விரிசலின் தொடக்கமாக நான் வாசிக்கிறேன். அப்படியானால் உச்சத்தை எட்டும்போது பரப்பின் ஒரு பகுதி ஏற்கெனவே பிரிந்து, உராய்வால் மட்டும் சுமை தாங்குகிறது. 120 பாகை செல்சியஸில் இறுகி 20-க்குக் குளிரும் எப்பாக்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே சுருக்க வேறுபாடு ஏறத்தாழ 0.5 விழுக்காடு. அது இழையைச் சுற்றி இறுக்குவதால் உராய்வைச் சிறியதென்று தள்ள இயலாது. முழுப் பரப்பால் வகுக்கும்போது ஒட்டுதலும் உராய்வும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன.

கத்தி துளியில் அமர்வதால் வரும் போலித் தடமே இந்த மடிப்பு என்று ஒதுக்க நினைக்கலாம். ஆனால் அமர்வு முடிந்தால் விறைப்பு கூட வேண்டும், இங்கே குறைகிறது. கத்திக்கடியில் பிசின் நசுங்குவதாலும் சாய்வு குறையலாம் என்பது வலுவான மறுப்பு. துளியின் விளிம்பில் நசுங்கிய தடம் இருக்கும் சோதனைகளை விலக்கிவிட்டே மடிப்பைப் படிக்க வேண்டும். பிடிப்பானுக்கும் துளிக்கும் இடையே இழை நீளமாகத் தொங்கினால், அந்த நீளத்தின் நீட்சியில் மடிப்பு தெரியாமலே போகும்; பல வரைகோடுகளில் அது இல்லாததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

பிரிவை விரிசல் நடத்துகிறது என்பதற்காக வலிமையை விட்டு முறிவு ஆற்றலை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. பிசினின் மீள்குணகம் 3 கிகாபாஸ்கல், வலிமை 50 மெகாபாஸ்கல், ஆற்றல் சதுர மீட்டருக்கு 20 ஜூல் என்று வைத்தால், விரிசல் முனையின் பிணைப்பு மண்டலம் 24 மைக்ரோமீட்டர் அளவில் வரும். முன்சொன்ன 100 மைக்ரோமீட்டர் பதிவில் அது கால்பங்கு. ஆற்றல் 100 ஜூல் என்றால் மண்டலம் பதிவையே விஞ்சும். அங்கே பழைய சராசரி அவ்வளவு பிழையாகாது. நொய்ந்த இடைமுகங்களில்தான் அது ஏமாற்றுகிறது.

கணினி மாதிரியின் உச்சம் சோதனையோடு பொருந்துகிறதே என்பார்கள். வலிமை, ஆற்றல் என இரண்டையும் விருப்பம்போல் மாற்றினால் ஓர் உச்சத்துக்குப் பொருந்தாமல் எப்படிப் போகும்? தொழிலகத்துக்கு ஒரே எண் போதும் என்பதும் இழைப் பூச்சுகளைத் தரவரிசைப்படுத்தும் அளவுக்கே சரி. மாதிரிக்கு உள்ளீடாக வேண்டுமெனில் மடிப்பு, உச்சம், வால் மூன்றையும் பல பதிவு நீளங்களில் அளந்து ஒருசேரப் பொருத்த வேண்டும்.

உராய்வைக் கலக்கும் இந்தப் பிழை பெரிதாவது குறுக்கு இழுவையில். சுமைக்குக் குறுக்கே கிடக்கும் இழையில் பிரிவு தொடங்கும்போது இடைமுகம் வாய் திறக்கிறது. திறந்த முகங்கள் உராய்வதில்லை. அந்தக் கணக்கிலும் உராய்வு கலந்த அதே எண்ணைத்தான் போடுகிறார்கள்.