மலாயாக் கிண்ணத்தின் முதல் பருவம், 1921

இன்று மலேசியக் கிண்ணம் என்று நாம் சொல்லும் காற்பந்துப் போட்டி, ஒரு போர்க்கப்பலின் பெயரில் தொடங்கியது. ‘எச்.எம்.எஸ். மலாயா’ எனும் அக்கப்பல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் அரசுப் பணத்தில் இங்கிலாந்தில் கட்டப்பட்டு, 1915இல் கடலில் இறங்கியது. மறு ஆண்டு ஜட்லாண்ட் கடற்போரில் அடிபட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர்.

கப்பல் வாங்கித் தருவது மக்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல. பணம் ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. கோலா சிலாங்கூர்த் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவிய நம்மவர் உழைப்பும் அதில் இருந்தது. 1921இல் சிலாங்கூர் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

மலாயாவுக்கு வருகை தந்த கப்பலின் மாலுமிகள் உள்ளூர்க் குழுக்களுடன் பல ஆட்டங்கள் ஆடினர். கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக இரண்டு கிண்ணங்களை வழங்கினர். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு.

காற்பந்தில் ஆறு குழுக்கள் களமிறங்கின. வடக்குப் பிரிவில் சிலாங்கூர், பேராக், பினாங்கு; தெற்கில் சிங்கப்பூர், ஜொகூர், மலாக்கா–நெகிரி செம்பிலான் கூட்டுக்குழு. 1921 ஆகஸ்டு 20ஆம் தேதி கோலாலம்பூரில் நடந்த முதல் ஆட்டத்தில் சிலாங்கூர் 5–1 எனப் பினாங்கைப் புரட்டியெடுத்தது. சுமார் 5,000 பேர் பார்த்தார்கள். அக்டோபர் 1ஆம் தேதி சிலாங்கூர் கிளப் திடலில், அதாவது இன்றைய மெர்டேக்கா சதுக்கத்தில், இறுதியாட்டம். சொந்த மண்ணிலேயே சிலாங்கூர் 1–2 எனச் சிங்கப்பூரிடம் தோற்றது. மறு ஆண்டே கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு வந்தது.

தலைநகரில் இந்த ஆரவாரம் நடந்த அதே காலத்தில் தோட்டங்களில் நிலைமை வேறு. 1920 தொடக்கத்தில் ராத்தல் 2 ஷில்லிங்குக்கு மேல் விற்ற ரப்பர், 1921இல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே சரிந்தது. வேலை குறைந்தது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் 1922 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது.

போட்டி 1967இல் மலேசியக் கிண்ணம் ஆனது. சிலாங்கூர் இதுவரை 33 முறை வென்றிருக்கிறது. ‘ஸ்பைடர்மேன்’ என்று ரசிகர்கள் அழைத்த ஆர். ஆறுமுகம் அதன் கோல் கம்பத்தைக் காத்தது 1970களிலும் 80களிலும். எச்.எம்.எஸ். மலாயா 1948இல் உடைக்கப்பட்டது. அதன் மணி ஒன்று கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்கு வந்து சேர்ந்தது.