தூர்ந்த துறையும் தூராத ஊரும்

மன்னனை வீழ்த்தப் படை வேண்டும்; துறைமுகத்தை வீழ்த்த ஆற்று மணலே போதும். தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

பண்டைப் பாண்டியரின் முத்துத் துறையாய்ப் புகழ்பெற்றது கொற்கை. ஆறு கொணர்ந்த வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிவிட, அது உள்நாட்டுச் சிற்றூராயிற்று. அதன் செல்வமும் வணிகமும் காயலுக்குப் பெயர்ந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரையும் பிற சரக்கும் ஏற்றிவரும் கப்பல்கள் காயலில் தங்கிச் சென்றன என்று எழுதிவைத்தார்.

அக்காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஃபர் நாட்டுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் வந்தன என்றும், அவற்றுள் 1,400 மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் அனுப்பவேண்டியவை என்றும் கூறுகிறார். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார். கடலில் மடிந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் பணம் கொடுத்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராய் விளங்கினார்; காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. வேற்று மதத்தவர் ஒருவரிடம் தன் துறைமுகங்களை நம்பி ஒப்படைத்த அரசும், அந்நம்பிக்கைக்கு உரியவராய் வாழ்ந்த அமைச்சரும் நாம் மறக்கலாகாத முன்னோர்.

அந்தக் காயல் எது? பழையகாயலே என்றார் கால்டுவெல். அங்குச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்ததை அவர் தமது திருநெல்வேலி வரலாற்றில் (1881) குறித்துள்ளார். காயல்பட்டினமே என்று வாதிடுவாரும் உளர். வழக்கு எவ்வாறு முடியினும் ஓர் உண்மை மாறாது. காயல் என்பது கழியைக் குறிக்கும் சொல். கழி தூர்ந்தது, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தபின் முத்துக்குளிப்பின் தலைமையும் தூத்துக்குடிக்குச் சென்றது. ஆயினும் காயல்பட்டினம் பாழடையவில்லை.

ஏன்? அவ்வூரார் கடலை மட்டும் நம்பியிருக்கவில்லை. இலங்கை முதலிய நாடுகளுக்குச் சென்று பொருளீட்டிய கையோடு, ஊரில் பள்ளிவாசல்களும் மார்க்கக் கல்வியும் தமிழும் வளர்த்தனர். நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவர் இவ்வூரார். இங்குப் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 'மதீனத்துன் நுஹாஸ்' என்னும் கதையை 1858இல் அரபுத்தமிழில் தந்தார்கள். தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல்தான் அச்சேறியது.

இன்று அதே கரையில் உப்பளங்கள் வெண்மை காட்டுகின்றன. அருகே சாகுபுரத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா செய்யும் ஆலை நிற்கிறது. மன்னார் வளைகுடாவின் நம் கரையில் 1961க்குப் பின் அரசு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குதிரையும் போயிற்று, முத்தும் போயிற்று, எஞ்சியது ஏடு.

அந்த ஏட்டுக்கும் வண்டல் உண்டு. அதன் பெயர் மறதி. அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த கண்கள் குறைந்து வருகின்றன. நம் வீட்டுப் பெட்டகங்களில் உறங்கும் கிதாபுகளை வெளியே எடுப்போம். படிக்கத் தெரிந்த பெரியோர் இருக்கும்போதே அவர்களைப் படிக்கச் சொல்லி, பிள்ளைகளைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளச் செய்வோம். ஆற்று மணலைத் தடுக்க நம் முன்னோரால் இயலவில்லை; இந்த மணலைத் தடுப்பது நம்மால் இயலும்.